டிரைவர் திம்மப்பனின் குதிரைத் தீனி

1

இந்தக் கதை ஒரு சமையல் குறிப்பாகத்தான் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களே கண்டுபிடித்துக் கேட்டால் எனக்கு மரியாதையாக இருக்காது.

ஓசூரில் நான் வேலை செய்யும் கம்பெனி மாதாமாதம் ஒரு பத்திரிகை அடித்துத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. முதல் பக்கத்தில் நிர்வாக இயக்குநர் சிரிப்பார். கடைசிப் பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி இருக்கும். நடுவில் இருப்பதை யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் பத்து மணிக்கெல்லாம் மெஷினை விட்டுவிட்டுக் கேன்டீனில் போண்டாவுக்கு வரிசை கட்டுவது மேனேஜரின் கண்ணை உறுத்தியிருக்கிறது. என்னைக் கூப்பிட்டார்.

"மதியச் சாப்பாடு வரைக்கும் பசி தாங்குற மாதிரி, உடம்புக்கும் நல்லதா, ஓட்ஸ்ல ஒரு டிபன். ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே."

கதை எழுதுகிறவனுக்குச் சமையல் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. உட்கார்ந்து எழுதினேன்:

"ஒரு கோப்பை ஓட்ஸை வாணலியில் போட்டு, வாசனை வரும்வரை வறுத்துக்கொள்ளவும். பிறகு"

இந்தப் 'பிறகு'வுக்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அந்த வெற்றிடத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. பழைய காலத்து பஸ். முன்னால் நீளமான மூக்கு, பக்கத்தில் ரப்பர் பந்து வைத்த ஹாரன். டிரைவர் இறங்கினான். காக்கிச் சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தது, வயிற்றுக்கு நேரே இருக்கவேண்டியதைத் தவிர.

"பசிக்குது" என்றான்.

நான் சமையல் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வா என்றேன்.

"அதான் வந்தன்" என்றான்.

2

தொடக்கங்கள்:

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், அன்றைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலையில், மைசூர் எல்லையை ஒட்டிய கருங்கல் குன்றுகளுக்கு நடுவே" [அடித்துவிட்டேன். பூகோளப் பாடம். வாத்தியார் வந்துவிடுவார் போலிருக்கிறது.]

"பசி என்பது மனிதகுலத்தின் ஆதி" [அடித்துவிட்டேன். நிஜமாகவே பசியோடிருக்கிற எவனும் இந்த வாக்கியம் முடியும்வரை காத்திருக்க மாட்டான்.]

"திம்மப்பனுக்குச் சூளகிரி வந்தால் பசிக்கும்."

இது இருக்கட்டும்.

3

திம்மப்பனுக்குச் சூளகிரி வந்தால் பசிக்கும்.

ஓசூரில் காலையில் கிளம்பி, சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ஊத்தங்கரை போய்ச் சேரும் பஸ்ஸை அவன் ஓட்டினான். கிளம்பும் முன் அவன் மனைவி முனிலட்சுமி இட்லி வைப்பாள். ஒரு ஈடு முழுக்க அவனுக்குத்தான். ஏப்பம் விட்டுக்கொண்டேதான் வண்டியில் ஏறுவான். ஆனால் சூளகிரி மலை கண்ணில் பட்டதும், தின்ற இட்லியெல்லாம் எந்த ஊரில் இறங்கிப் போனதோ, வயிறு காலிக் குடம்போலச் சத்தம் போடும். கை தானாக ஸ்டியரிங்கை ஒடிக்கும். பஸ் நேராக நாராயணம்மாவின் வடைக் கடை முன்னால் போய் நிற்கும்.

நாராயணம்மாவின் புருஷன் செத்துப் பல வருஷம். சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டு, ஒற்றை ஆளாகக் கடை நடத்தினாள். அவள் போடும் மசால் வடையின் வாசனை பஸ்ஸுக்கு எதிரே வந்து கூட்டிக்கொண்டு போகும் என்பார்கள். திம்மப்பன் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான் என்றால் இலை காலியாகும்வரை நிமிர மாட்டான். பயணிகளும் இறங்கித் தின்பார்கள், வெற்றிலை போடுவார்கள், சம்பந்தம் பேசுவார்கள். அதற்குள் பின்னால் வரும் வேறொரு கம்பெனி பஸ் ஹாரனைப் பிழிந்துகொண்டே தாண்டிப் போய், கிருஷ்ணகிரியில் காத்திருக்கும் கூட்டத்தை வாரிக்கொண்டு போய்விடும்.

(இங்கே ஒரு கிருஷ்ணகிரி வாசகர் கையைத் தூக்குகிறார்: "ஏம்ப்பா, காலையில ராகிக் களிய தின்னா சாயங்காலம் வரைக்கும் தாங்குமே? நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஒரு கதையா?" நியாயமான கேள்வி. களியும் தின்று பார்த்தான். பசி தாங்கியது, கண் தாங்கவில்லை. ஒருநாள் வெயில் ஏற ஏற இமை சொக்கி, பஸ் சாலையை விட்டு இறங்கி, ஒரு அவரைக் காட்டுக்குள் மெதுவாக, விருந்தாளி மாதிரி நடந்து போய் நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. பயணிகள் இறங்கி மடி நிறைய அவரைக்காய் பறித்துக்கொண்டார்கள். காட்டுக்காரர் பேசிய தெலுங்கை மட்டும் என்னால் இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து காலையில் களி தின்றுவிட்டு வண்டியைத் தொடக் கூடாது என்பது பஸ் முதலாளியின் சட்டம்.)

4

முதலாளி ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்.

"ஏன்டா திம்மப்பா, ஊருக்கு ஒரு ஸ்டாப்பு, உன் வயித்துக்கு ஒரு ஸ்டாப்பா? கிருஷ்ணகிரியில நம்ம சனமெல்லாம் அடுத்தவன் வண்டியில போவுது. இனிமே சூளகிரியில ஆள எறக்கு, ஏத்து, கெளம்பு. வடை திங்க நின்னேன்னு என் காதுல விழுந்துது, வண்டிய அங்கியே வச்சிட்டு நடந்து போயிகினே இரு."

திம்மப்பன் முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தான். அவனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: பஸ் ஓட்டுவது, தின்பது. இரண்டில் ஒன்றை விடு என்றால் எதை விடுவான்?

"மத்தியானம் வரைக்கும் தாங்கணும். ஆனா தூக்கம் வரக் கூடாது. வயிறு நெறையணும், ஆனா கனக்கக் கூடாது. அப்பிடி ஒன்னு செஞ்சு குடு" என்றான் முனிலட்சுமியிடம்.

"கல்லத்தான் வேவ வைக்கணும்" என்றாள் அவள்.

அப்போது முனிலட்சுமியின் தம்பி எல்லப்பன் வந்திருந்தான். மத்திகிரிப் பக்கம் ரிட்டயரான மிலிட்டரி துரை ஒருவர் பந்தயக் குதிரை வளர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் குதிரை பார்த்துக்கொள்ளும் வேலை எல்லப்பனுக்கு. எந்தப் பேச்சையும் அவன் குதிரையில்தான் கொண்டுபோய் நிறுத்துவான்.

"மாமா, எங்க குதிரைங்கள பாத்திருக்கியா? காலையில ஓட்ஸு போடுறோம். மத்தியானம் வரைக்கும் பசின்னு ஒன்னு கனைக்கணுமே! ஓடும். தூங்காது."

"நான் என்னா குதிரையா?"

"துரையும் காலையில அதத்தான் மாமா கஞ்சி வச்சிக் குடிக்கிறாரு. துரையும் குதிரையும் ஒரே மாதிரி செவந்து, கெட்டியா கீறாங்க."

திம்மப்பன் மனைவியைப் பார்த்தான். முனிலட்சுமி சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே எல்லப்பன் ஒரு சாக்குப் பையில் ஓட்ஸ் கொண்டுவந்தான். துரையிடம் கேட்டுத்தான் வாங்கினான். "அக்கா வீட்டுக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அக்கா வீட்டில் குதிரை வாங்கியிருக்கிறார்கள் என்று துரை தாமாகவே புரிந்துகொண்டு, அதன் பிறகு பார்க்கும்போதெல்லாம் குதிரையைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். எல்லப்பனும் பொய் சொல்லவில்லை.

"நல்லா கீதுங்க துரை. தெனம் ஊத்தங்கரை வரைக்கும் போயிட்டு வருது."

"ஊத்தங்கரையா!" என்று துரை தொப்பியைக் கழற்றினாராம்.

(ஓட்ஸுக்குத் தமிழில் என்ன என்று அகராதியைப் பார்த்தேன். காடைக்கண்ணி என்றிருக்கிறது. கம்பெனி வாசலில் இருக்கும் மளிகைக் கடையில் "காடைக்கண்ணி இருக்கா?" என்று கேட்டேன். காடை எதிர்க் கடையில், கண்ணி தெரியாது என்றார்கள். எனவே கதையில் ஓட்ஸு என்றே இருக்கும்.)

5

முதல் நாள் எல்லப்பன் சொன்னபடி, குதிரைக்கு ஊறவைப்பதுபோல ஊறவைத்து, உமியோடு தின்றான் திம்மப்பன். குதிரையின் தொண்டை வேறு, டிரைவரின் தொண்டை வேறு என்பது ஓசூர் எல்லையைத் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. உமி தொண்டையில் குத்திக்கொண்டது. ஊத்தங்கரை வரைக்கும் இருமினான். இருமல் வரும்போதெல்லாம் கை ஹாரனை அழுத்தியது. முன் சீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போய், கடைசியில் பஸ்ஸின் பின்பாதி மட்டும் நிரம்பி வழிந்தது. ஆனால் ஒன்று, இருமுகிறவனுக்குப் பசிக்க நேரமில்லை.

அடுத்தமுறை முனிலட்சுமி உரலில் இடித்து உமி நீக்கி, பாலும் வெல்லமும் ஊற்றி, துரை வீட்டு முறையில் கஞ்சி வைத்தாள். அடுப்பிலிருந்து இறக்கும்போது அது கஞ்சி. தட்டில் விழும்போது பசை. திம்மப்பன் வாயைத் திறக்க முடியாமல் கண்ணால் தண்ணீர் கேட்டான். மிச்சத்தைத் தூக்குச் சட்டியில் கொண்டுபோனதைக் கண்டக்டர் தீர்த்தகிரி பார்த்துவிட்டு, பல மாதமாக ஒரு மூலை பிய்ந்து ஆடிக்கொண்டிருந்த 'கை, தலை வெளியே நீட்டாதே' நோட்டீஸின் பின்னால் அதைத் தடவி ஒட்டினான். பஸ்ஸை உடைத்து விற்கும்வரை அந்த நோட்டீஸ் அசையவில்லை.

6

(மேனேஜர் அவர்களுக்கு: தங்களுக்கு வேண்டியது இந்தப் பகுதிதான். கத்தரிக்கோலால் இதை மட்டும் வெட்டியெடுத்துக்கொள்ளலாம். மற்றதை என்னிடமே கொடுத்துவிடவும்.)

இரண்டுமுறை தோற்றதில் முனிலட்சுமிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"குதிரை மாதிரியும் வேணாம், துரை மாதிரியும் வேணாம். நான் நம்ம வூட்டுச் சாப்பாடா செய்யறன்" என்றாள்.

இடித்துப் புடைத்த ஓட்ஸை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்தாள். ['பிறகு'வுக்குப் பிறகு என்ன என்று இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது.] பிறகு திரிகையில் போட்டு, மாவாகிவிடாமல் ரவைபோல உடைத்தாள். ஊறவைத்த கொள்ளைத் தனியே வேகவைத்தாள். "குதிரைக்கு ஓட்ஸுன்னா கொள்ளும் இருக்கணும்ல" என்றாள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன வெங்காயம். உரித்த பச்சை அவரைக் கொட்டை ஒரு கை. தண்ணீரும் உப்பும் சேர்த்து, கொதித்ததும் ரவையையும் கொள்ளையும் கொட்டி, தீயைக் குறைத்து, பொங்கல் பதத்தில் கிளறி மூடினாள். இறக்கும்போது வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த கடலைக்காயைத் தூவி, ஒரு கரண்டி நெய் விட்டாள். பக்கத்தில் ஒரு சொம்பு மோர்.

திம்மப்பன் பயந்துகொண்டே ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய் வைத்தான். அப்புறம் வழக்கம்போலத் தலை குனிந்துவிட்டது.

"எப்பிடிகீது?" என்று முனிலட்சுமி கேட்டாள்.

திம்மப்பன் தட்டைத்தான் நீட்டினான்.

7

அன்றைக்குச் சூளகிரி மலை வந்தது. திம்மப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றின் சத்தத்துக்குக் காது கொடுத்தான். இன்ஜின் சத்தம்தான் கேட்டது. வடை வாசனை எதிரே வந்து ஜன்னலில் தொங்கியது. 'அப்பிடியா, சரி' என்றது வயிறு. ஆளை இறக்கினான், ஏற்றினான், கிளம்பினான். நாராயணம்மாவின் கடை பக்கவாட்டில் ஓடி மறைந்ததை அவனாலேயே நம்ப முடியவில்லை. கிருஷ்ணகிரியில் கூட்டம் அவனுக்காகக் காத்திருந்தது. ஊத்தங்கரை வந்து சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்த பிறகுதான், நல்ல பிள்ளை மாதிரி, பசித்தது. சாயங்காலம் திரும்பி வந்ததும் அதை முனிலட்சுமியிடம் சொன்னான்.

"ஊத்தங்கரையிலதான் பசிச்சுது."

"மெய்யாலுமா?"

"உம்மேல சத்தியமா."

முதலாளிக்குச் சந்தோஷம். எல்லப்பனுக்குப் பெருமை. கதை முடிந்தது.

[முடிந்திருக்கவேண்டும். இதோடு நிறுத்தி மேனேஜரிடம் கொடுத்திருந்தால் எனக்கும் நிம்மதி. ஆனால் எழுதி முடித்துவிட்டு பஸ்ஸின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.]

கண்டக்டர் தீர்த்தகிரி கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் கிழிக்கவில்லை. விசில் ஊதவில்லை. சூளகிரி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. கதையின் முதல் வரைவில் இவனுக்குப் பெயர்கூட இல்லை, 'கண்டக்டர்' மட்டும்தான். இரண்டாம் வரைவில் நோட்டீஸ் ஒட்ட ஒரு ஆள் வேண்டியிருந்ததால் பெயர் வைத்தேன். பெயர் வைத்தது தப்பாகப் போய்விட்டது. மெலிந்த ஆள், நாற்பதை நெருங்குகிறான், கல்யாணமாகவில்லை. கடை தாண்டிப் போன நாளிலிருந்து இவனால் ஒரு வேலையும் ஒழுங்காக நடக்கவில்லை. எதிர்த் திசையில் ஜவளகிரி போகவேண்டிய ஒரு கிழவரைக் கேட்காமலே ஏற்றிக்கொண்டு வந்து ஊத்தங்கரையில் இறக்கிவிட்டான். கிழவர் சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஜவளகிரி ரொம்ப மாறிப்போச்சு" என்றார்.

இவனை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் கண்டக்டர் இல்லாத பஸ்ஸை யார் நம்புவார்கள்?

8

ஓட்ஸ் ஒருவாரம்போல வெற்றிகரமாக ஓடியது. பிறகு ஒருநாள் சூளகிரியில் நாராயணம்மா நடுச் சாலையில் நின்றாள். கையில் எண்ணெய் சொட்டும் சாரணிக் கரண்டி.

திம்மப்பன் பிரேக்கில் ஏறி நின்றான். பஸ் அவளுக்குக் கொஞ்சம் முன்னால் பெருமூச்சு விட்டு நின்றது.

"எறங்குண்ணா" என்றாள்.

"நேரமாச்சு நாராயணம்மா..."

"எறங்குண்ணா நீ. என் வடையில என்னா கொறை? உப்பா? ஒறைப்பா? எண்ணெய் பழசா? சொல்லிட்டுப் போ. மாவரைச்சு வச்சிட்டு தெனம் ரோட்டப் பாத்துகினு நிக்கிறன். உன் வண்டி நின்னாதான் நாலு பேர் எறங்குறாங்க. நீ தாண்டிப் போனா ஈதான் திங்குது. கடைய சாத்திட்டு எங்க அண்ணன் வூட்டுக்குப் போயி மாட்டுக் கொட்டாய் கூட்டணுமா?"

திம்மப்பனுக்கு இது தோன்றவே இல்லை. தன் வயிற்றுக்குப் பின்னால் ஒரு கடை நின்றுகொண்டிருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்?

"வடையில ஒரு கொறையும் இல்லம்மா. எனக்குப் பசிக்கல."

"உனக்கா?" நாராயணம்மா மட்டுமல்ல, பஸ் முழுக்கக் கேட்டது.

பயணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டியிருந்தார்கள். (நோட்டீஸ் ஒட்டியிருந்தும் நீட்டியிருந்தார்கள்.) வேறு வழியில்லாமல் திம்மப்பன் தணிந்த குரலில் உண்மையைச் சொன்னான்.

"ஓட்ஸு திங்கிறன்."

"அப்பிடின்னா?"

"குதிரைத் தீனி."

 அப்புறம் பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ ஒருவர் கனைத்தார். நன்றாகவே கனைத்தார். அதற்கு இன்னொருவர் பதில் கனைத்தார். திம்மப்பன் காது சிவக்க வண்டியில் ஏறினான். நாராயணம்மா சிரிக்கவில்லை. சாரணியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வழியை விட்டு விலகி நின்றாள். கிளம்பும்போது கண்ணாடியில் திம்மப்பன் பார்த்தான்: பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த தீர்த்தகிரியும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். சாலையில் தூசு உண்டுதான். ஆனால் ஒற்றை ஆள் கண்ணில் மட்டும் விழுகிற தூசு எந்தச் சாலையிலும் கிடையாது.

9

மறுநாள் திம்மப்பன் ஓட்ஸும் தின்றான், சூளகிரியில் வண்டியையும் நிறுத்தினான்.

"இன்ஜின் சூடாயிருக்குது. ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்" என்று பொதுவாகச் சொன்னான். பயணிகள் குதூகலமாக இறங்கினார்கள்.

தண்ணீர் ஊற்றி முடித்ததும் திம்மப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இடத்தில் அவன் எப்போதும் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான். இப்போது வயிறு நிறைந்திருந்ததால் தலை நிமிர்ந்திருந்தது. இத்தனை வருஷமாக வந்துபோகும் கடையை முதல்முறையாகப் பார்த்தான். கொட்டகைக்குப் பின்னால் ஒரு நாவல் மரம் இருப்பதே அன்றுதான் தெரிந்தது.

மரத்தடியில் தீர்த்தகிரி நின்றான். கையில் ஒரு இலையில் வடை. தின்னவில்லை. அடுப்பைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தில் போனான்.

"வடை நல்லா கீது" என்றான்.

"இன்னும் கடிக்கவே இல்லியே" என்றாள் நாராயணம்மா, நிமிராமலே.

தீர்த்தகிரி பழைய இடத்துக்கே திரும்பி வந்தான். ஆனால் திம்மப்பன் இன்னொன்றையும் பார்த்தான். சட்டியிலிருந்து எடுக்கும்போது, ஓரம் நன்றாகச் சிவந்து மொறுமொறுவென்று வந்த வடைகளை நாராயணம்மா ஒரு தட்டில் தனியாக ஒதுக்கினாள். யார் கேட்டும் அதிலிருந்து கொடுக்கவில்லை. தீர்த்தகிரியின் இலைக்கு மட்டும் அதிலிருந்து போயிற்று.

பஸ் கிளம்பும் முன் திம்மப்பன் கண்டக்டரை பானெட்டுக்குப் பின்னால் இழுத்தான்.

"எவ்ளோ நாளாடா இது?"

தீர்த்தகிரி மறைக்கவில்லை. "நீ இங்க வடை திங்க ஆரம்பிச்சதுலேர்ந்துண்ணா."

"அட பாவி. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ தலையத் தூக்குனாதானே சொல்றதுக்கு?"

திம்மப்பன் காலி வாளியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினான்.

10

அதன் பிறகு அந்த ரேடியேட்டர் குடித்த தண்ணீர் கொஞ்சமல்ல. மழை நாளிலும் குடித்தது. முதலாளியின் காதுக்கு இது போகாமல் இருக்குமா? "நாளைக்கு நானே வரன். உன் இன்ஜின் எப்பிடிச் சூடாவுதுன்னு பாக்கறன்" என்று சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில் எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின.

ஒன்று: முதலாளி வேலையை விட்டு நிறுத்துகிறார். திம்மப்பன் துரையிடம் சேர்ந்து, குதிரைகளோடு குதிரையாக ஓட்ஸ் தின்று [முனிலட்சுமி விளக்குமாற்றோடு என் மேஜைக்கு வந்துவிட்டாள். அடித்துவிட்டேன்.]

இரண்டு: முதலாளி ஓட்ஸைச் சுவைத்துப் பார்க்கிறார். எல்லா டிரைவருக்கும் அதையே கட்டாயமாக்குகிறார். அதன் பிறகு தென்னிந்தியாவில் எந்த பஸ்ஸும் எங்கேயும் நிற்பதில்லை. [பயணிகள் சார்பாக அடித்துவிட்டேன். வடை மட்டும்தானா, மனிதனுக்கு இறங்க வேறு காரணங்களும் உண்டு.]

நடந்தது இதுதான்.

முதலாளி விடிந்தும் விடியாததுமாக வந்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தார். முன்னால் போய் உட்கார்ந்தால்தான் கையும் களவுமாகப் பிடிக்க முடியும் என்ற அவசரத்தில் எதுவும் தின்னாமல், வெறும் காபியோடு புறப்பட்டு வந்திருந்தார். வழி நெடுக மீட்டரையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். திம்மப்பன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். இன்று நின்றால் வேலை போகும். நிற்காவிட்டால் பின்னால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பவன் முகத்தில் இனி எப்படி விழிப்பது? வயிற்றில் ஓட்ஸ் நிறைந்திருந்தும், நெஞ்சுக்குக் கீழே ஏதோ காலியாக இருந்தது.

சூளகிரி மலை தெரிந்தது.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. காலிக் குடத்தை உருட்டிவிட்டதுபோல. திம்மப்பன் பதறித் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். அது நிறைந்து, சாதுவாக இருந்தது. இன்ஜினா என்று காது கொடுத்தான். இன்ஜின் ஒழுங்காக ஓடியது. மறுபடியும் சத்தம். முதலாளி துண்டை எடுத்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். ஜன்னல் வழியே மசால் வடை வாசனை உள்ளே ஏறி, டிக்கெட் வாங்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது.

"ஏம்ப்பா" என்றார் முதலாளி. "ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்னு சொன்னியே?"

"இன்னிக்கு வேணாங்க. நேரா போயிடலாங்க" என்றான் திம்மப்பன், பால் வடியும் முகத்தோடு.

"வேணாமா? தண்ணி இல்லாம இன்ஜின் கெட்டுப்போச்சுன்னா யாரு பாக்கறது? இவ்ளோ பெரிய வண்டி! பொறுப்பு வேணாம்? நிறுத்துப்பா. நிறுத்துங்கறன்!"

பஸ் நின்றது. எல்லோருக்கும் முன்னால் இறங்கியவர் முதலாளி. பெஞ்சில் உட்கார்ந்து, இலை வந்ததும் தலையைக் குனிந்தார். அந்தக் குனிவை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திம்மப்பன் பானெட்டைத் திறந்தான். வாளியை எடுத்தான். தண்ணீரைச் சங்கில் ஊற்றும் மருந்துபோலச் சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தான். பின்னால் திரும்பிப் பார்க்காமலே, "போடா" என்றான்.

தீர்த்தகிரி போனான். இம்முறை கையில் இலை இல்லை. அடுப்புக்கு இந்தப்பக்கம் நின்றான். நாராயணம்மா நிமிர்ந்து பார்த்தாள். சாரணியைச் சட்டியின் விளிம்பில் சாய்த்துவைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு ஒருவன் பேசுவதற்காகக் காத்திருந்தது இதுதான் முதல் தடவை.

தீர்த்தகிரி வாயைத் திறந்தான்.

"நாராயணம்மா, என் நெஞ்சில நீ" [சினிமா. இவன் வாயில் ஒட்டாது.]

"நாராயணம்மா, எனக்கும் வயசாவுது, உனக்கும்" [பென்ஷனுக்கு மனு போடுகிறான்.]

"வடை நல்லா" [டேய்!]

எனக்கு வரவில்லை. பல நாளாக இந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜர் ஆள் அனுப்பிவிட்டார். ஓட்ஸைக் கிண்டத் தெரியாதவனுக்கு இது மட்டும் எப்படித் தெரியும்? நீங்கள் யாரிடமாவது எப்போதாவது இப்படி நின்றிருப்பீர்கள். அல்லது உங்களிடம் யாராவது நின்றிருப்பார்கள். அங்கே என்ன சொன்னால் சரியாக இருந்திருக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இடம் விட்டிருக்கிறேன்:

"நாராயணம்மா, ................................" என்றான் தீர்த்தகிரி.

கொஞ்சம் சீக்கிரம். திம்மப்பனின் வாளியில் தண்ணீர் அடியைத் தொட்டுவிட்டது. முதலாளி கை கழுவ எழுந்துவிட்டார்.